மென்மை என்ற வசவு

1990களின் கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல் லாபியில் மூன்று வருடம் கிட்டார் வாசித்தேன். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை. நானும் ஒரு கீபோர்டுக்காரரும். சேர்ந்த முதல் நாளே மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "மியூசிக் இருக்கோணும் தம்பி. ஆனா யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாதுங்க." அந்த வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. யாராவது பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தால், அன்றைக்கு நாங்கள் ஏதோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அங்கே நாங்கள் அதிகம் வாசித்த பாட்டு 'நத்திங்ஸ் கோனா சேஞ்ச் மை லவ் ஃபார் யூ'. மாடியில் கல்யாண வரவேற்புக்கு வந்தவர்கள்கூட இறங்கி வந்து, டிஷ்யூ காகிதத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்பார்கள். கிளென் மெடிரோஸ் பாட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும்தான். ஒரு நாள் இடைவேளையில் சமையலறைப் பின்வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கீபோர்டு அண்ணன் சொன்னார்: "அது அந்தப் பையன் பாட்டே இல்லீங்க. அவனுக்கு முன்னாலேயே ஜார்ஜ் பென்சன் பாடிட்டாரு. அவரு பாட்டுக்காரரும் இல்ல, பெரிய கிட்டாருக்காரரு." எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தார். யாரிடமிருந்தோ பதிவு செய்தது. உள்ளே இருந்த அட்டையில் நீல மையில் 'பிரீஸின்' என்று மட்டும் எழுதியிருந்தது. "கேட்டுப்போட்டு வந்து பேசுங்க தம்பி."

அன்று ராத்திரி கேட்டேன். முதல் பாட்டு ஓடியபோது, இது நாங்கள் லாபியில் வாசிக்கிற இசையேதான் என்று பட்டது. காற்று வாங்குகிற மாதிரி ஒரு மெட்டு, அடியில் மெத்தை விரித்த மாதிரி வயலின்கள். இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்துக்கொண்டே பல் தேய்க்கப் போனேன். இரண்டாவது பாட்டு தொடங்கியது. தொடக்கத்திலேயே ஒரு மனிதக் குரல், சொல் எதுவும் இல்லாமல், கிட்டாரோடு சேர்ந்து போகிறது. கிட்டார் ஏறினால் குரலும் ஏறுகிறது. கிட்டார் படியில் உருண்டு விழுவதுபோல் இறங்கினால் குரலும் அதே படிகளில், ஒரு படிகூடத் தவறாமல் இறங்குகிறது. இரண்டு ஆள் ஒத்திகை பார்த்து இப்படிச் செய்ய முடியாது. வாயில் நுரையோடு வந்து டேப்பை ரீவைண்ட் செய்தேன்.

வீணை வாசிக்கிறவர்கள் உதடு அசையப் பாடிக்கொண்டே வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டை விரலுக்குக் கொண்டுவருகிற வழி அது. பென்சன் செய்வதும் அதுதான், ஆனால் வாயைத் திறந்தே செய்கிறார். அதுவும் மனப்பாடம் செய்த மெட்டில் அல்ல, அந்த நிமிடம் தோன்றுகிற கற்பனாஸ்வரத்தில். மனதில் தோன்றும் ஸ்வரம் தொண்டைக்கும் விரலுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். நான் முயன்று பார்த்தேன். தொண்டை ஒரு பக்கம் போனது, விரல் இன்னொரு பக்கம் போனது.

இந்த இசைக்குப் பின்னாளில் வைத்த பெயர் 'ஸ்மூத் ஜாஸ்'. ஜாஸ் ரசிகர்கள் நடுவில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். லிஃப்டில் போடுகிற பாட்டு, பல் டாக்டர் வாசலில் போடுகிற பாட்டு என்பார்கள். நம் ஊரில் மெல்லிசை என்ற சொல் பட்டமாகக் கொடுக்கப்பட்டது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் மெல்லிசை மன்னர்கள். மெல்லிய இசை என்றால் தரம் குறைந்த இசை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய அதே சொல் வசவாகிவிட்டது. அந்த வசவை அதிகம் வாங்கியவர்களில் பென்சன் ஒருவர். நல்ல கிட்டார் கலைஞன் காசுக்காகப் பாடப் போய்க் கெட்டுப்போனான் என்பதுதான் அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. அந்தக் கதை தலைகீழாக நிற்கிறது என்பது என் கட்சி.

பென்சன் 1943 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். எஃகு ஆலைகளின் ஊர். ஆனால் ஆர்ட் பிளேக்கி, கென்னி கிளார்க், எரால் கார்னர், ரே பிரவுன் என்று அந்த ஊர் ஜாஸுக்குக் கொடுத்த பெயர்களை எண்ணினால், ஆலைகளுக்கு நடுவே வேறொரு உலையும் எரிந்திருக்கிறது என்றுதான் தோன்றும். பென்சன் வளர்ந்தது ஹில் டிஸ்டிரிக்ட் என்ற கறுப்பினத்தவர் பேட்டையில். 1950களின் பிற்பாதியில் நகர நிர்வாகம் அந்தப் பேட்டையின் கீழ்ப்பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, அங்கே பெரிய அரங்கம் ஒன்றைக் கட்டியது. சுமார் 8,000 பேர் வீட்டை விட்டுப் போனார்கள். கடைகளும் கிளப்புகளும் அவர்களோடு போயின.

அதற்கெல்லாம் முன்பே சிறுவன் ஜார்ஜ் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான். ஏழு வயதில் தெருமுனை மருந்துக்கடையில் உக்குலேலே வாசித்துச் சில டாலர்கள் வாங்கினான். எட்டு வயதில், லைசென்ஸ் இல்லாத ஒரு இரவு விடுதியில் வெள்ளி, சனி ராத்திரிகளில் கிட்டார் வாசித்தான். போலீஸ் வந்து விடுதியை மூடியது. அப்புறம் நியூயார்க்குக்கு அழைத்துப் போய் ஆர்.சி.ஏ. கம்பெனியின் கிரூவ் என்ற துணை லேபிளுக்காகப் பாட வைத்தார்கள். 1954ல் இசைத்தட்டு வந்தது. ஓடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகாததும் வெளியே தெரிந்துவிட்டது. கிட்டாரைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். சிறுவர் சீர்திருத்தப் பள்ளியிலும் கொஞ்ச காலம் இருக்க வேண்டிவந்தது. வெளியே வந்த பையனுக்கு வளர்ப்புத் தந்தை தன் கையாலேயே ஒரு கிட்டார் செய்து கொடுத்தார். பென்னி குட்மேன் என்ற கிளாரினெட் கலைஞரின் குழுவில் சார்லி கிறிஸ்டியன் என்ற கிட்டார் கலைஞர் வாசித்த தட்டுகளைக் கேட்கக் கொடுத்துப் பையனின் காதைத் திறந்ததும் அவர்தான்.

சரி, இங்கே கணக்கைப் பாருங்கள். இவர் இசைத்தட்டில் முதலில் வந்தது பாடகராக. முதல் கூலி வாங்கியது தெருவில் போகிறவர்களைப் பிடித்து நிறுத்தியதற்காக. ஜாஸ் என்கிற பெரிய சமுத்திரத்தில் இறங்கியதெல்லாம் பிறகுதான். பாடப் போனார் என்று சொல்கிறவர்கள் இந்த ஏழு வயதுப் பையனைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பத்தொன்பது வயதை ஒட்டி, ஆர்கன் வாசிக்கும் ஜாக் மெக்டஃபின் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. ஆர்கன்காரரே பேஸ் ஸ்வரங்களையும் பார்த்துக்கொள்வார். சாக்ஸபோன், டிரம்ஸ், கிட்டார், அவ்வளவுதான். கிட்டாருக்குப் பாதி நேரம் தாளத்தைத் தாங்குகிற வேலை. மீதி நேரத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தால் அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். ஊர் ஊராக, பெரும்பாலும் கறுப்பினத்தவர் வரும் பார்களில் வாசிப்பு. வேலை முடிந்து சம்பளத்தோடு வந்த கூட்டம், பொரித்த கோழி, புகை. காலைத் தட்டவோ ஆடவோ வைக்காத இசைக்கு அங்கே மரியாதை கிடையாது. 1963ல் மெக்டஃப் குழு நேரடியாகப் பதிவு செய்த தட்டில் 'ராக் கேண்டி' என்ற துண்டைக் கேட்டால் இது புரியும். இருபது வயதுப் பையன், கத்தி தீட்டுகிற மாதிரி வாசிக்கிறான். என் மேனேஜர் சொன்னதற்கு நேர் எதிரான பள்ளிக்கூடம் அது: எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1964ல் பென்சனின் பெயரில் முதல் தட்டு வந்தது, பிரெஸ்டீஜ் கம்பெனியில். இரண்டு வருடத்தில் கொலம்பியா கம்பெனியின் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் அவரை ஒப்பந்தம் செய்தார். கால் நூற்றாண்டுக்கு முன் சார்லி கிறிஸ்டியனைப் பென்னி குட்மேனிடம் கொண்டுபோய் நிறுத்திய அதே ஹாமண்ட். 'இட்ஸ் அப்டவுன்' என்ற அந்தத் தட்டில் மூச்சு முட்டுகிற வேகத்தில் வாசித்த பென்சன் சில பாட்டுகளைப் பாடியும் இருக்கிறார். 1968 தொடக்கத்தில் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தன் குழுவின் ஒலிக்குள் கிட்டாரைக் கொண்டுவர முயன்றபோது 'பாராஃபர்னேலியா' என்ற துண்டுக்கு அழைத்தது இவரைத்தான். அந்தத் துண்டில் பென்சன் அடக்கி வாசிக்கிறார். எனக்கு அது அவருடைய நல்ல வாசிப்பாகப் படவில்லை. விருந்தாளி வீட்டில் சாப்பிடுவதுபோல் இருக்கிறது.

பென்சனின் கதையை வெஸ் மாண்ட்கோமரி என்ற கிட்டார் கலைஞரைச் சொல்லாமல் நகர்த்த முடியாது. இண்டியானாபொலிஸ்காரர். இருபது வயதை ஒட்டித்தான் கிட்டாரைக் கையில் எடுத்தார். சார்லி கிறிஸ்டியனின் தட்டுகளைக் கேட்டு ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடம் செய்தார். இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. ஏழு குழந்தைகள். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி கிளப்புகளில் வாசிப்பு. வீட்டில் பயிற்சி செய்யும்போது சத்தம் அக்கம்பக்கத்தை எழுப்பக் கூடாது என்று பிக்கை, அதாவது கம்பியை மீட்டுகிற சின்ன வில்லையை, கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் தடவி வாசிக்கத் தொடங்கினார். அதுதான் உலகம் முழுக்க அவர் அடையாளமாக ஆனது. பிக் பட்டால் கம்பிக்கு ஒரு 'டக்' உண்டு. கட்டைவிரல் சதை பட்டால் அந்த 'டக்' போய்விடும். தேனில் தொட்ட மாதிரி வரும்.

அதோடு ஸ்தாயி வாசிப்பு. ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒரே நேரத்தில் வாசிப்பது. கிட்டாரில் அந்த இரண்டு ஸ்வரங்களும் அடுத்தடுத்த கம்பிகளில் இருக்காது. நடுவில் ஒரு கம்பி இருக்கும். கட்டைவிரல் மூன்றையும் சேர்த்து அடிக்கும்போது நடுக் கம்பி மட்டும் பேசக் கூடாது. இடது ஆள்காட்டி விரலின் அடிப்பாகத்தால் லேசாகத் தொட்டு அதன் வாயை மூட வேண்டும். ஒரு ஸ்வரத்துக்கு இதைச் செய்வது சுலபம். ஒரு முழு மெட்டையும் இப்படி ஓட்டுவதற்கு நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். கட்டைவிரலின் ஓரத்தில் கொப்புளம் வந்து உடைந்து, ஒரு வாரம் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைய முடியவில்லை. அந்த நடுக் கம்பி மட்டும் கடைசிவரை எனக்கு அடங்கவில்லை.

1959ல் கேனன்பால் ஆடர்லி என்ற சாக்ஸபோன் மேதை வெஸ்ஸை இண்டியானாபொலிஸ் கிளப்பில் கேட்டுவிட்டுப் போய் நியூயார்க்கில் சொன்ன பிறகுதான் அவருக்கு வழி திறந்தது. 1960ல் வந்த தட்டு கிட்டார் உலகத்தைப் புரட்டிப்போட்டது. பெயர் வந்தது, வீட்டு நிலைமை பெரிதாக மாறவில்லை. அப்போதுதான் கிரீட் டெய்லர் என்ற தயாரிப்பாளர் வந்தார். ரேடியோவில் ஓடுகிற பாட்டுகளின் மெட்டை எடுத்து, வெஸ்ஸின் ஸ்தாயி வாசிப்பில் வைத்து, சுற்றிலும் வயலின்களை நிறுத்தினார். நீண்ட மனோதர்மத்துக்கெல்லாம் இடமில்லை. 1967ல் வந்த 'எ டே இன் த லைஃப்' அந்த ஆண்டில் அதிகம் விற்ற ஜாஸ் தட்டு. விமர்சகர்கள் ஏசினார்கள். மறு வருடம் ஜூன் 15 அன்று மாரடைப்பு. வயது 45.

அந்தத் தட்டை நான் ஏச மாட்டேன். ஏழு பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய மனிதர், இருபது வருடம் தூக்கத்தை விற்றுச் சேர்த்த ஒலியைக் கொஞ்சம் நல்ல விலைக்கு விற்றார். அதில் ஒரு வருடத்துக்கு மேல் அனுபவிக்கவும் கொடுத்துவைக்கவில்லை.

வெஸ் போனதும் அந்த நாற்காலிக்குக் கிரீட் டெய்லர் பார்த்த ஆள் பென்சன். அதே கம்பெனி, அதே வயலின்கள், அதே கணக்கு. பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' 1969 செப்டம்பர் இறுதியில் கடைக்கு வந்தது; சில வாரங்களிலேயே அதன் பாட்டுகளை வைத்துப் பென்சன் ஒரு முழுத் தட்டைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். அதில் பாடியும் இருக்கிறார், நன்றாகவே பாடியிருக்கிறார். ஆனால் அடுத்து டெய்லரின் சி.டி.ஐ. லேபிளில் வந்த தட்டுகளில் வாய்க்கு வேலை குறைவு. 1971ன் 'பியாண்ட் த புளூ ஹொரைஸன்' முழுக்க முழுக்க ஜாஸ். ரான் கார்ட்டர் பேஸ், ஜாக் டிஜானெட் டிரம்ஸ். பென்சன் காசுக்குப் போய்விட்டார் என்று யாராவது ஆரம்பித்தால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். அதற்கு அடுத்த தட்டில் டெட்ராய்ட்டிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் நைலான் கம்பி கிட்டார் வாசிக்கிறான். எர்ல் கிளூ. பின்னாளில் ஸ்மூத் ஜாஸ் ரேடியோக்களில் பென்சனுக்குச் சமமாக ஓடிய பெயர்.

1976க்கு வருவோம். பென்சன் வார்னர் கம்பெனிக்கு மாறியிருந்தார். தயாரிப்பாளர் டாமி லிபூமா, ஒலிப்பதிவு அல் ஷ்மிட். ஜனவரி 6 முதல் 8 வரை மூன்றே நாள், ஹாலிவுட்டில் கேபிடல் ஸ்டூடியோ. பென்சன் தன் மேடைக் குழுவையே அழைத்து வந்தார். ரானி ஃபாஸ்டர், ஹோர்ஹே டால்டோ, பில் அப்சர்ச், ஸ்டான்லி பேங்க்ஸ். டிரம்ஸுக்கு ஹார்வி மேசன் வெளியிலிருந்து வந்தார். எல்லோரும் ஒரே அறையில், ஒன்றாக வாசித்தார்கள். வயலின்களைப் பிறகுதான் கிளாஸ் ஓகர்மன் எழுதிச் சேர்த்தார். தலைப்புத் துண்டான 'பிரீஸின்' பாபி வோமாக் எழுதியது. ஐந்து வருடம் முன்பு கேபோர் ஸாபோ என்ற ஹங்கேரிய கிட்டார் கலைஞர் அதை வாசித்திருந்தார், அதற்கும் லிபூமாதான் தயாரிப்பாளர். பழைய சரக்கை எடுத்துத் துடைத்து மறுபடியும் கடையில் வைத்த மாதிரிதான்.

ஆறு துண்டுகள். ஐந்தில் பாட்டே கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'பாடிக் கெட்டார்' என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் தட்டில் ஆறில் ஐந்து வெறும் வாத்திய இசை. ஆறில் ஒன்று, லியான் ரஸ்ஸல் எழுதிய 'திஸ் மாஸ்கரேட்', எட்டு நிமிடம். அதுதான் என்னைப் பல் தேய்க்க விடாமல் செய்தது. ரேடியோவுக்காக அதைப் பாதிக்கும் கீழாக வெட்டிக் கொடுத்தார்கள். பில்போர்டு என்ற அமெரிக்கப் பத்திரிகையின் பாப் பட்டியலில் பத்தாவது இடம் வரை போனது. தட்டோ பாப், சோல், ஜாஸ் மூன்று பட்டியலிலும் முதலிடம். பத்து லட்சம் விற்றதற்கான பிளாட்டினம் வாங்கிய முதல் ஜாஸ் தட்டு என்பார்கள். 1977 பிப்ரவரியில் அந்தப் பாட்டுக்கு அந்த வருடத்தின் சிறந்த பதிவுக்கான கிராமி.

அந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தபோதுதான் நான் உண்மையிலேயே திகைத்தேன். பென்சனின் வலது கையைக் காணொளியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாமெல்லாம் பிக்கைப் பிடிக்கும்போது அதன் முன்விளிம்பு கம்பியைத் தொடும். அவர் கட்டைவிரலைப் பின்பக்கமாக வளைத்து, பிக்கை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். பின்விளிம்புதான் கம்பியைத் தடவுகிறது. மணிக்கட்டு ஏதோ சுளுக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது தப்பாகப் பிடித்திருக்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் அந்தச் சாய்வில் பிக் கம்பியில் மாட்டிக்கொள்வதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடும்போதும் ஸ்வரத்தின் வாய் உருண்டையாகவே இருக்கிறது. வெஸ்ஸுக்குக் கட்டைவிரல் சதை கொடுத்த உருண்டை, இவருக்குப் பிக்கிலேயே கிடைத்துவிட்டது. வேகம் உபரி. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அந்தப் பிடியை முயன்றேன். ஐந்து நிமிடத்தில் பிக் மூன்று தடவை கீழே விழுந்து, ஒரு தடவை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பிக் எடுக்கப் போன கையோடு அம்மாவின் தொலைந்துபோன மாத்திரை அட்டையும் கிடைத்தது என்பது மட்டும்தான் அன்றைய லாபம்.

கிட்டாரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஜாஸ்காரர்கள் வைத்திருப்பது உள்ளே குழிவான, பெரிய வயிறுள்ள கிட்டார். சின்ன கிளப்பில் அது தேன். பென்சன் வாசிக்கப் போன பெரிய அரங்குகளில் ஸ்பீக்கர் சத்தம் திரும்பி வந்து அந்த வயிற்றில் புகுந்தால் ஊளையிட ஆரம்பித்துவிடும். அதற்காக ஜப்பானின் ஐபனெஸ் கம்பெனியோடு உட்கார்ந்து, 1977ல் ஜி.பி.10 என்ற மாடலை உருவாக்கினார். உடம்பைச் சின்னதாக்கி, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்பை மேல்பலகையில் குடைந்து பொருத்தாமல் அந்தரத்தில் மிதக்க விட்டார்கள். மரம் மரமாகவே அதிரும், ஊளை மட்டும் குறையும். அந்த மாடல் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு வாங்க வசதி இல்லை. மும்பையில் ஒரு கடையில் பத்து நிமிடம் மடியில் வைத்திருந்திருக்கிறேன். நினைத்ததைவிடக் கனம் குறைவு.

அப்புறம் அவருக்கு ஏறுமுகம்தான். 1977ல் முகமது அலியின் வாழ்க்கைப் படத்துக்காகப் பாடிய 'த கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்' பின்னால் விட்னி ஹூஸ்டன் பாடி அவர் பாட்டாகவே ஆகிவிட்டது. மெடிரோஸ் விஷயமும் இதே மாதிரிதான்: பென்சன் பாடியது 1985ல், பையன் பாடி உலகம் சுற்றியது இரண்டு வருடம் கழித்து. 1978ல் 'ஆன் பிராட்வே', மேடையிலேயே பதிவானது, ஏழாவது இடம். 1980ல் குவின்சி ஜோன்ஸ் தயாரிப்பில் 'கிவ் மீ த நைட்', நான்காவது இடம். அந்தத் தட்டுக்காகப் பென்சனுக்கு மூன்று கிராமி கிடைத்தது. ஒன்று ஆர் அண்ட் பி என்கிற ரிதம் அண்ட் புளூஸ் பாடலுக்கு, ஒன்று ஜாஸ் பாடலுக்கு, ஒன்று ஆர் அண்ட் பி வாத்திய இசைக்கு. ஒரே வருடம், ஒரே தட்டு, ஒரே ஆள். இவரை எந்த அலமாரியில் வைப்பது என்று கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை.

1980களின் நடுவில் வந்த அவருடைய தட்டுகள் எல்லாவற்றையும் நான் காப்பாற்ற வரவில்லை. சிந்தசைசர்கள் அடைத்துக்கொண்ட சில பாட்டுகளில் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஏசியவர்களுக்கு அங்கே கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு நடந்து முடியும் வரை 'ஸ்மூத் ஜாஸ்' என்ற பெயர் புழக்கத்திலேயே இல்லை. 1987 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ராக் ரேடியோ நிலையம் தன் கடையை மூடிவிட்டு 'த வேவ்' என்று மறுபிறவி எடுத்தது. ஆரம்பத்தில் அறிவிப்பாளர்கள்கூடக் கிடையாது, நாள் முழுக்க இதமான இசை. அதே வருடம் சிகாகோவில் ஒன்று, அடுத்த வருடம் நியூயார்க்கில் ஒன்று. ரேடியோக்களுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனிகள் நேயர்களைக் கூட்டி உட்கார வைத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்டன. அந்தக் கூட்டங்களில் பிறந்த பெயர்தான் ஸ்மூத் ஜாஸ் என்கிறார்கள். ஆக, பெயர் வைத்தது இசைக்காரர்கள் அல்ல, சந்தைக்காரர்கள். பிள்ளை பிறந்து கல்யாணமே ஆன பிறகு வந்து பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

ஆபீஸ் நேரத்தில் ஓடுகிற ரேடியோ அது. வேலை செய்கிறவரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது, நிலையத்தை மாற்றவும் வைக்கக் கூடாது. என் மேனேஜரை யாரோ லாஸ் ஏஞ்சலஸில் நிலைய இயக்குநராகப் போட்ட மாதிரி இருக்கிறது. அந்த ரேடியோவுக்காகவே தயாரான கிட்டார் தட்டுகளைக் கேட்டால் எனக்கு வருத்தம்தான் வரும். மெட்டு முதல் சில விநாடிக்குள் வந்துவிட வேண்டும், நான்கு நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும், நடுவில் யாரும் பயந்துவிடுகிற மாதிரி ஒன்றும் நடக்கக் கூடாது. பென்சனின் மேல்பூச்சை எடுத்துக்கொண்டார்கள், மெக்டஃப் குழுவின் அந்தப் புகை மண்டிய ராத்திரிகளை விட்டுவிட்டார்கள். நார்மன் பிரவுன் மாதிரி சிலர் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள். மற்றவர்களில் பலரை எனக்குப் பெயர் வைத்துப் பிரித்துச் சொல்ல வராது.

அந்த ரேடியோக்கள் விழுந்த கதையும் சுவாரஸ்யமானது. முன்பெல்லாம் நேயர்கள் என்ன கேட்டோம் என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள். நாளெல்லாம் பின்னணியில் ஓடுகிற நிலையத்தின் பெயரை நினைவாக எழுதிவிடுவார்கள். 2007க்குப் பிறகு பெரிய நகரங்களில், காதில் விழும் ரேடியோவைத் தானே பதிவு செய்கிற சின்னக் கருவி ஒன்று வந்தது. எண்ணிக்கை சரிந்தது. நியூயார்க் நிலையம் 2008 பிப்ரவரியில் ராக்குக்கு மாறியது, சிகாகோ நிலையம் 2009 மே மாதம் மூடிக்கொண்டது. இரண்டுக்கும் அந்தக் கருவி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ரேடியோக்காரர்கள் அதைத்தான் அதிகம் திட்டினார்கள்.

ரேடியோ போனதும் அதை நம்பியிருந்த பலர் சொகுசுக் கப்பல்களிலும் திருவிழா மேடைகளிலும் பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள். பென்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2009ல் அமெரிக்க அரசின் கலைகளுக்கான தேசிய அறக்கட்டளை அவரை ஜாஸ் மாஸ்டர் என்று கௌரவித்தது. ஜாஸை விட்டுப் போனவர் என்று முப்பது வருடம் சொல்லப்பட்டவரை. 2018ல் கொரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் ஒரு பாட்டில் கிட்டார் வாசித்தார். என் அக்கா பையன் அதைப் போட்டுக் காட்டி, "மாமா, இது யாருன்னு தெரியுமா?" என்றான். முதல் மூன்று ஸ்வரத்திலேயே தெரிந்துவிட்டது, இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பதுபோல் நடித்தேன்.

லாபி வேலை முடிந்து ரொம்ப வருடம் ஆகிறது. இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். கீபோர்டு அண்ணன் பல்லடம் பக்கம் போய்விட்டார், தீபாவளிக்குத் தீபாவளி போன் பேசுவோம். 2013ல் பென்சன் தன் எழுபதாவது வயதில், நேட் கிங் கோல் என்ற பழைய பாடகரின் பாட்டுகளை வைத்து ஒரு தட்டு வெளியிட்டார். பெரிய ஆர்கெஸ்ட்ரா, கம்பீரமான ஏற்பாடு எல்லாம் உண்டு. வந்த வாரமே அண்ணனுக்குப் போன் செய்து, ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்து முதல் துண்டைப் போட்டேன். ஆர்கெஸ்ட்ரா வரவில்லை. கரகரவென்று பழைய தட்டின் இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு சின்னப் பையனின் குரல், 'மோனா லிசா' பாடுகிறது. 1951ல் பதிவானது. எட்டு வயது ஜார்ஜ்.

அண்ணன் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இன்னொருக்கா போடுங்க தம்பி" என்றார்.